"நல்லாருக்குதுங்க"வோடு விட்டுடாதீங்க! ஆராய்ச்சி ப்ரபோசல் எழுதுவோருக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

ஆராய்ச்சி நிதி கேட்டு ப்ரபோசல் அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிற கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்து நண்பர்களே! அந்தக் காத்திருப்பு வீணாகாமல் இருக்க, பக்கத்து அறைக்காரரின் ஒரு மணி நேரத்தை விடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் நம்ம பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. யாரிடம் படிக்கக் கொடுத்தாலும் அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று "நல்லாருக்குதுங்க" என்று சிரித்த முகத்தோடு திருப்பித் தந்துவிடுவார்கள். அந்த மரியாதையும் கெடாமல், உண்மையும் கைக்கு வர வேண்டுமென்றால் கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. எங்கள் துறையில் பழகிப் பார்த்துப் பலன் தந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. "படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்கவே கேட்காதீர்கள். "எந்தப் பக்கத்துல முதல்ல சலிப்புத் தட்டுச்சு?" என்று கேளுங்கள். பக்க எண்ணைச் சொல்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை, டக்கென்று சொல்லிவிடுவார்கள்.

2. நாற்பது பக்கமும் எழுதி முடித்த பிறகுதான் காட்ட வேண்டும் என்றில்லை. என்ன பிரச்சினை, இப்போது ஏன், என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு ஆகும் என்று ஒரே ஒரு தாளில் எழுதி, கேன்டீனில் டீ வருவதற்குள் படிக்கச் சொல்லுங்கள். ஐடியாவிலேயே ஓட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், முப்பத்தொன்பது பக்க உழைப்பு மிச்சம்.

3. கொடுக்கும்போதே முதல் பக்கத்தின் மேலே மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். "இரண்டாவது ஆப்ஜெக்டிவ் முடியக்கூடியதுதானா? சாம்பிள் எண்ணிக்கை போதுமா? ஐந்தாம் பக்கத்துப் படம் புரிகிறதா?" இப்படி இருந்தால் படிப்பவருக்கும் எதைத் தேடுவது என்று தெரியும், பாதி நேரத்தில் முடித்துவிடுவார்.

4. "ஸ்பெல்லிங், கிராமர் நான் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல மனசோடு கமாவும் முற்றுப்புள்ளியும் திருத்திக் கொடுத்துவிட்டு, விஷயத்தைத் தொடாமலே விட்டுவிடுவார்கள்.

5. ஒரே லேபில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே குறை கண்ணில் படாது. 1912ல் நம்ம கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில், நல்ல சர்க்கரைக் கரும்பைக் காட்டு நாணலோடு ஒட்டுச் சேர்த்துத்தான் 1918ல் கோ 205 ரகத்தை வெளியிட்டார்கள், வடநாட்டு வயல்களின் கடுமையை அது தாங்கி நின்றது. ப்ரபோசலுக்கும் வெளியிலிருந்து ஒரு முரட்டு ரத்தம் சேரட்டும். வேதியியல் ஆசிரியர் எழுதியதை இயந்திரவியல் ஆசிரியர் படிக்கட்டும், பயோடெக்காரர் எழுதியதைப் பொருளியல்காரர் படிக்கட்டும்.

6. கோவையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. லாலி ரோட்டில் இறங்கினால் வேளாண் பல்கலைக்கழகம், அங்கிருந்து மருதமலைச் சாலையில் போனால் பாரதியார் பல்கலைக்கழகம், ஆர்.எஸ்.புரத்தில் வன மரபியல் நிறுவனம், அவிநாசி ரோட்டில் சிட்ராவும் பி.எஸ்.ஜி. டெக்கும். டவுன் பஸ் தூரத்திலேயே இத்தனை துறை ஆட்கள் இருக்கையில், டெல்லிக்கு மெயில் போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பானேன்?

7. பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் என்று நம்ம ஊர்த் தொழிலைத் தொடுகிற ப்ரபோசலா? அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரிடம் சுருக்கத்தை மட்டும் காட்டுங்கள், சிடார்க் போன்ற சோதனைக் கூடங்களில் தெரிந்தவர் இருந்தால் இன்னும் விசேஷம். "இதப் பண்ணுனா கரண்டு எவ்வளவுங்க மிச்சமாகும்?" என்று அவர் கேட்கிற ஒரே கேள்வி, நீங்கள் எழுத மறந்த பத்தியை எழுத வைத்துவிடும்.

8. நொய்யல், சாயக்கழிவு பற்றி எழுதுகிறவர்கள் திருப்பூர் நிலவரம் தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் கொடுங்கள். 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயநீர்த் தேக்கமாகிப் போனதை மட்டும் எழுதிவிட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதையும் அதன்பின் நடைமுறைக்கு வந்த பூஜ்ஜியக் கழிவுநீர் ஏற்பாட்டையும் விட்டுவிட்டால், கமிட்டியில் விவரம் தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார். கூட ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயி ஒருவரிடமும் நீங்கள் செய்யப் போவதை வாயால் சொல்லுங்கள். மண்ணில் எந்த இடத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும் என்று அவர் காட்டுகிற இடம் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இருக்காது.

9. இதற்கு நேர் எதிராக, நம்ம ஊரே தெரியாத ஒருவரும் வேண்டும். தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016ல் பொள்ளாச்சியில்தான் கண்டறியப்பட்டது. நமக்கு இது ஊரறிந்த கதை, குவாஹாட்டியிலோ போபாலிலோ உட்கார்ந்து படிக்கிற நிபுணருக்குப் பொள்ளாச்சி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். வடக்கே வேலை பார்க்கிற பழைய வகுப்புத் தோழருக்கு அனுப்பி, "எந்த இடத்துல உனக்கு விளங்கல?" என்று கேளுங்கள்.

10. விடைத்தாள் திருத்துகிற வாரம், நாக் குழு வருகிற வாரம், பொங்கல் லீவு, கோனியம்மன் தேர் நாள், இந்த நேரங்களில் யாரிடமும் கொடுக்காதீர்கள். மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்கள், பைக்குள்ளேயே கிடக்கும்.

11. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக உங்களுக்கென்று ஒரு கடைசித் தேதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முதல்வர் அல்லது பதிவாளர் கையெழுத்துப் போட்ட எண்டார்ஸ்மென்ட் கடிதம் வாங்கவே ஒரு வாரம் ஓடிவிடும், கடைசி நாளில் போர்ட்டலும் திணறும். சகா சொன்ன நல்ல யோசனையை "இனி நேரமில்லைங்க" என்று ஒதுக்கி வைப்பது போல மனவருத்தம் வேறில்லை.

12. பி.டி.எஃப். அனுப்பினால் போனில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஓகே" என்பார்கள். பிரின்ட் எடுத்து, வலப்பக்கம் நிறைய இடம் விட்டு, ஒரு சீவிய பென்சிலையும் கிளிப்பில் செருகிக் கொடுங்கள். பேனாவால் கிறுக்கத் தயங்குகிற ஆள் கூடப் பென்சில் என்றால் தாராளமாக எழுதுவார்.

13. வேர்டில் வரி எண் போடும் வசதி இருக்கிறது, போட்டுக் கொடுங்கள். "அந்த மூணாவது பேராவுல, இல்ல, அதுக்கு முந்துனது" என்ற தேடல் போய், "112வது வரி" என்று நேராகச் சொல்லலாம். போனில் பேசும்போது இதன் அருமை தெரியும்.

14. எழுத நேரமில்லாதவர்களிடம் வாட்ஸாப் வாய்ஸ் நோட் கேளுங்கள். தினம் திருப்பூரிலிருந்து கோவைக்கு ரயிலில் வருகிற எத்தனையோ ஆசிரியர்கள் உண்டு, படித்துக்கொண்டே பேசி அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் "சற்றுத் தெளிவுபடுத்தலாம்" என்று நாசூக்காக வருவது, பேச்சில் "இந்தப் பத்தி எதுக்குங்க இங்க?" என்று நேராக வந்துவிடும்.

15. சுருக்கத்தை ஒரு தடவை மட்டும் படிக்கச் சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். "இப்ப நான் என்ன பண்ணப் போறேன்னு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் பல ப்ரபோசல் புரட்டிக் களைத்துப்போன நிபுணருக்கும் அதே அளவுதான் மனதில் தங்கும். அவர் வாயில் வந்த சொற்களை வைத்தே சுருக்கத்தைத் திருப்பி எழுதினால் பாதி வேலை முடிந்தது.

16. முதல் வரியை மட்டும் தனியாக நாலு பேரிடம் காட்டிப் பாருங்கள். மஞ்சள் உலர்த்தும் கருவிக்கு ஒருவர் எழுதிய ப்ரபோசலை வைத்துச் சொல்கிறேன். "மஞ்சள் இந்தியாவின் முக்கியமான வாசனைப் பயிர்களில் ஒன்று" என்று முதல் வரி ஓடியது. பக்கத்துத் துறை மேடம் நிதானமாகப் படித்துவிட்டு, "ஏனுங் சார், நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு நாலாம் பக்கத்துலதான் தெரியுதுங்" என்றார். உட்கார்ந்து மாற்றினார்கள்: "வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போட்டு எடுக்க விவசாயிக்கு இரண்டு வாரம் வரை ஆகிறது, இடையில் மழை பெய்தால் நிறமும் விலையும் போய்விடுகின்றன, அந்த நாட்களைக் குறைப்பதே இந்தத் திட்டம்." நாலாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது முதல் வரிக்கு வந்துவிட்டது. இதற்கு ஆன செலவு இரண்டு காபி.

17. தலைப்பு இரண்டு வைத்துக்கொண்டு, "எது நல்லாருக்கு?" என்று கேட்காமல், "இந்த ரெண்டுல எதைப் பிரிச்சுப் படிப்பீங்க?" என்று கேளுங்கள். காரணம் கேட்க வேண்டாம், கை எங்கே போகிறது என்று பார்த்தாலே போதும்.

18. "இதுல ஒரு ஆப்ஜெக்டிவ எடுத்தே ஆகணும்னா எதை எடுப்பீங்க?" இந்தக் கேள்வி ரொம்பப் பிரயோஜனமானது. மூன்று பேரும் ஒன்றையே காட்டினால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், மிச்சம் இருப்பவை பளிச்சென்று தெரியும்.

19. கூடவே, "முதல் வருசத்து வேலை சொதப்பிருச்சுன்னா ரெண்டாவது, மூணாவது வருசத்துல என்ன நடக்கும்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். உங்களிடம் பதில் இல்லை என்றால் மாற்று வழி ஒன்றை எழுதிச் சேர்க்க வேண்டிய இடம் அதுதான்.

20. புதுமை இருக்கிறதா என்று பார்க்க நூலகரைத் தேடிப் போங்கள். ஷோத்கங்காவில் தேடினால் உங்கள் தலைப்பிலேயே யாராவது பிஎச்.டி. முடித்திருப்பது தெரிய வரும். கமிட்டியிடமிருந்து தெரிந்துகொள்வதைவிட நம்ம நூலகரிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது.

21. புள்ளியியல் ஆசிரியரிடம் வேலையெல்லாம் முடிந்து டேட்டாவோடு போவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். எழுதும்போதே போங்கள். வயல் ஆய்வு என்றால் எத்தனை பாத்தி, எத்தனை தடவை திருப்பிச் செய்வது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எடுத்துப் போனால், பத்து நிமிடத்தில் சரி பண்ணிக் கொடுத்துவிடுவார்.

22. காட்டுக்குள் வேலை இருக்கிறதா? ஆனைகட்டி சலீம் அலி மையம் மாதிரி இடங்களில் களப்பணி செய்கிற யாரிடமாவது கால அட்டவணையைக் காட்டுங்கள். வனத்துறை அனுமதிக்கு எவ்வளவு நாள் விட வேண்டும், எந்த மாதத்தில் உள்ளே போகவே முடியாது என்று அவர்கள் சொல்வார்கள். விலங்கு, மனிதர் சம்பந்தப்பட்ட ஆய்வுக்கு எத்திக்ஸ் கமிட்டி எப்போது கூடுகிறது என்று அதன் செயலரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

23. பட்ஜெட் பக்கத்தைப் பேராசிரியர்களைவிட அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவர்கள்தான் சரியாகப் படிப்பார்கள். அதை மட்டும் தனியாகப் பிரின்ட் எடுத்து அவர்களிடம் கொடுங்கள். 2019 காலத்து ப்ரபோசலைப் பார்த்து எழுதினால் ஜே.ஆர்.எஃப்.புக்கு மாதம் 31,000, எஸ்.ஆர்.எஃப்.புக்கு 35,000 என்று இருக்கும். 2023 ஜனவரி முதல் அது 37,000, 42,000. இரண்டு வருடம் ஜே.ஆர்.எஃப்., ஒரு வருடம் எஸ்.ஆர்.எஃப். என்று கணக்குப் போட்டால், வீட்டு வாடகைப் படி போகவே 2,28,000 ரூபாய் துண்டு விழும். அந்தத் துண்டு, நம்மை நம்பிச் சேர்ந்த பிள்ளையின் சம்பளத்தில்தான் போய் விழும் என்பதை நினைத்தாவது இந்தப் பக்கத்தை ஒருவருக்கு இருவராகப் பார்க்கச் சொல்லுங்கள்.

24. வீட்டு வாடகைப் படியிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. மத்திய அரசு விதிப்படி கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாம் ஒய் பிரிவு நகரங்கள். பட்டியலில் இல்லாத சிற்றூர்க் கல்லூரி என்றால் இசட் பிரிவு, விகிதம் அதில் பாதிதான். சென்னைத் தோழியின் பட்ஜெட்டை அப்படியே காப்பி பண்ணினால் தப்பாகிவிடும், அங்கே எக்ஸ் பிரிவு.

25. கருவி வாங்கும் கணக்கில் பழைய 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறீர்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த அந்தச் சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது, 2025 செப்டம்பரில் விகிதங்கள் இன்னொரு தடவை மாறின. 10 லட்சம் ரூபாய்க் கருவிக்கு 5 சதவீதம் என்றால் 50,000, 18 சதவீதம் என்றால் 1,80,000. கொட்டேஷன் தருகிறவரிடம் வரியோடு சேர்த்த விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

26. லேப் டெக்னீஷியன் அண்ணனிடம் கருவிப் பட்டியலைக் காட்டாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். "இத எங்கீங் மேடம் வெப்பீங்க? த்ரீ ஃபேஸ் லைன் அந்த ரூமுல இல்லீங்களே" என்று சொல்ல அவரால்தான் முடியும். யூ.பி.எஸ்., ஏ.சி., வருடாந்திரப் பராமரிப்பு, கேஸ் சிலிண்டர் என்று நாம் மறந்ததையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.

27. பழைய வெற்றி ப்ரபோசல் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள், ஆனால் படிவத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள், நிதி தரும் அமைப்பே மாறியிருக்கலாம். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏ.என்.ஆர்.எஃப்., பழைய செர்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. படித்துப் பார்க்கிறவரிடம் இப்போதைய அறிவிப்பையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்து, "இதுல கேட்டது எல்லாம் அதுல இருக்கா?" என்று டிக் அடிக்கச் சொல்லுங்கள்.

28. முதல் ப்ரபோசல் எழுதுகிற இளம் ஆசிரியர்கள் பெரிய தொகையோடுதான் தொடங்க வேண்டும் என்றில்லை. 1984ல் ஏற்பட்ட தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்துக்கு மாணவரோடு சேர்ந்து ஒரு சின்ன திட்டம் எழுதி, அதை நாலு பேரிடம் காட்டிப் பழகுங்கள். சின்ன ப்ரபோசலைப் படித்துக் கொடுக்க யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

29. கமிட்டிகளில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம்ம ஊரில் நிறைய. காலையில் ரேஸ் கோர்ஸைச் சுற்றி நடக்கிறவர்களில் யாராவது உங்கள் பழைய பேராசிரியராக இருப்பார். முழு ஃபைலையும் அவர் கையில் திணிக்காமல், ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து, "ஐயா, நீங்க கமிட்டியில இருந்தா முதல்ல என்ன கேள்வி கேப்பீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

30. ஆராய்ச்சி மாணவர்களிடமும் கொடுங்கள், ஆனால் நேருக்கு நேர் குறை சொல்லச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு நா எழாது. ஒவ்வொருவரையும் பேர் போடாத துண்டுச் சீட்டில் இரண்டு சந்தேகம் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். "மேடம், ஒரு டவுட்டுங்க" என்று வாயால் கேட்கத் தயங்கியதெல்லாம் சீட்டில் வந்துவிடும்.

31. ஆராய்ச்சியோடு சம்பந்தமே இல்லாத அத்தையிடமோ மாமாவிடமோ, அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று நம்ம தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஜோராக ஒலித்த வாக்கியம் தமிழில் சொல்ல வராமல் நின்றால், அதில் விஷயம் குறைவு என்று அர்த்தம். "அதுனால யாருக்குக் கண்ணு உபகாரம்?" என்று அத்தை கேட்டால், பதிலை அப்படியே ப்ரபோசலில் எழுதிவிடுங்கள்.

32. யோசனை திருட்டுப் போகுமோ என்ற பயம் நியாயமானதுதான். கொடுப்பதற்கு முன், "இதே அறிவிப்புக்கு நீங்களும் எழுதறீங்களா?" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எழுதுகிறார் என்றால் மொழிநடை, பட்ஜெட் பக்கங்களை மட்டும் காட்டலாம், முக்கியமான செய்முறையைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

33. எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். நல்ல கண் உள்ள ஒருவரைக் கடைசி வரைவுக்கு என்று மிச்சம் வையுங்கள். ஏற்கெனவே படித்தவருக்கு எழுதாததும் மனதிலிருந்தே நிரம்பிவிடும், புதுக் கண்ணுக்குத்தான் பள்ளம் தெரியும்.

34. படித்தவர் கருத்து சொல்லும்போது "அதுக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தை வந்த உடனே எதிரில் இருப்பவர் பேச்சைச் சுருக்கிக்கொள்வார். நோட்டில் எழுதுங்கள், "அப்புறமுங்க?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் இரண்டாவது "அப்புறமுங்க"வுக்குப் பிறகுதான் வரும்.

35. "அது எட்டாம் பக்கத்திலேயே இருக்கே, அவர் சரியா படிக்கல" என்று தோன்றும். இருக்கட்டும், எட்டாம் பக்கத்தில் இருப்பது ஒருவர் கண்ணில் படவில்லை என்றால் கமிட்டி கண்ணிலும் படாது. ஒரு துணைத்தலைப்புப் போட்டு முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

36. இரண்டு பேர் நேர் எதிராகச் சொன்னால் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துச் செய்து, 2018ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விண்ணப்பத்தைப் படித்த நிபுணர்களிடையே ஒத்த கருத்து ஏறக்குறைய இல்லை என்றுதான் தெரிந்தது. உங்களுக்குப் படித்துக் கொடுத்தவர்கள் தரும் தீர்வு வெவ்வேறாக இருந்தாலும் விரல் வைக்கிற இடம் ஒன்றாக இருந்தால், அந்த இடத்தில் கட்டாயம் கோளாறு இருக்கிறது. தீர்வை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

37. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் யார் என்ன சொன்னார், வலப்பக்கம் என்ன செய்தோம் என்று எழுதி வையுங்கள். ஏற்காத கருத்துக்கு நேராகக் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பின்னால் கமிட்டி முன் அதே கேள்வி வரும்போது பதில் தயாராக இருக்கும்.

38. நேர்முகப் பிரசன்டேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்களா, ரொம்ப சந்தோஷம்! துறையிலேயே ஒரு ஒத்திகை வையுங்கள், வீட்டில் குக்கருக்கு வைக்கிற டைமரைக் கொண்டுவந்து பத்து நிமிடம் வைத்து விடுங்கள். நண்பர்களை நடுவிலேயே குறுக்கிட்டுக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், கமிட்டியில் அப்படித்தான் நடக்கும். கேள்விகளைப் பேசுகிறவர் எழுத முடியாது, ஒரு மாணவரைப் பின்னால் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

39. படித்துக் கொடுத்தவருக்கு நன்றியாக இனிப்பு டப்பாவைவிட, "உங்க ப்ரபோசல் எப்பங்க? நான் படிச்சுத் தர்றேன்" என்பதுதான் மதிப்பு. அவர் சொன்னதில் எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரி மெசேஜும் அனுப்புங்கள். தன் பேச்சு வீண் போகவில்லை என்று தெரிந்தவர் அடுத்த தடவை கேட்காமலே பென்சிலைத் தேடுவார்.

40. ஐந்தாறு பேர் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் என்று வைத்துக்கொண்டால் தனித்தனியாக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு ஒருவர் ப்ரபோசல் என்றெல்லாம் இழுக்காமல், ஒரு கூடுகைக்கு ஒரே ப்ரபோசல், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். முதலில் எழுதியவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும் என்ற ஒரு விதி போதும்.

41. ஆகவில்லை என்று பதில் வந்தால் அன்றைக்கே ஃபைலை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். கமிட்டி எழுதியனுப்பிய குறைகளைப் பிரின்ட் எடுத்து, முன்பு நண்பர்கள் சொன்னதை எழுதி வைத்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கமிட்டி சொன்னதை அன்றைக்கே சொன்னவர் யார் என்று தெரிந்துவிடும், அடுத்த வரைவு முதலில் அவர் மேஜைக்குப் போகட்டும்.